ஓரெழுத்து ஒருமொழி

அநியாயம் நடந்தது எங்கள் அப்பாவுக்கு, அக்கா. பெயர் தணிகாசலம், விமானத்துக்குச் சக்கரம் மாற்றுகிறவர். இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்த்த மனுஷனை, விளக்கு எரியாத இடத்தில் முட்டி போட வைத்து, வலது கையைச் சக்கரத்துக்கு அடியில் வாங்கி நசுக்கிவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் மிச்சம். யார் செய்தது என்று கேட்டால் மூன்று வாரமாக ஆளுக்கு ஒரு பதில். கடைசிப் பதில் நேற்று சாயங்காலம்தான் வந்தது. அதுவரைக்கும் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். இந்த பஸ் பாலம் ஏற எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.

நீங்கள் கேட்டது என் கையைத்தான், தெரிகிறது. இது ஒன்றுமில்லை. டியூப் லைட் கண்ணாடி கிழித்தது, ஏழு தையல். அதுவும் இதில்தான் வருகிறது. மடியில் இருப்பது கஞ்சித் தூக்கு. மெல்ல முடியாத ஒருத்தருக்கு. மீன் மார்க்கெட் ஸ்டாப் வந்தால் ஒரு குரல் கொடுங்கள், பேச ஆரம்பித்தால் எனக்கு ஸ்டாப் தெரியாது. அங்கே முடித்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டும்.

நான் சட்டம் படிக்கிறேன், நாலாவது வருடம். அதனால் எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம்.

விமான நிலையம் என்றால் நமக்குத் தெரிந்தது கண்ணாடிக் கட்டடம். அதற்குப் பின்னால் பெரிய சிமெண்ட் மைதானம் இருக்கிறது. அதில் விமானம் வந்து நிற்கிற ஒவ்வொரு இடத்துக்கும் 'பே' என்று பெயர். பேய் இல்லை, பே. ஒன்பதாம் பே கடைசி, மதில் ஓரம். ராத்திரி தங்குகிற விமானத்தை அங்கே தள்ளிவிடுவார்கள். சக்கரம் மாற்றுவது ராத்திரியில்தான், பகலெல்லாம் அது பறந்துகொண்டிருக்கிறதே. ஒவ்வொரு பே பக்கத்திலும் ஒரு உயரமான கம்பம், அதன் தலையில் எட்டு விளக்கு. ஒன்பதாவதில் எட்டும் செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பத்தொன்பது. நான் எண்ணினேன். அப்பா புகார் நோட்டில் நாலு தடவை எழுதியிருக்கிறார், அவருடைய அந்தக் குண்டு குண்டு எழுத்தில். எதிர்க் கட்டத்தில் நாலு தடவையும் ஒரே பதில்: கவனிக்கப்படும்.

கவனியுங்கள் அக்கா. விமானம் இறங்குகிற பாதை ஓரத்தில் வெள்ளை விளக்கு. இறங்கி உருண்டு வருகிற வழியின் ஓரத்தில் நீல விளக்கு. அதில் ஒன்று அணைந்தால் போதும், ஜீப் பறந்து வரும். ஏனென்றால் அது மேலிருந்து வருகிறவர்களுக்கு. கீழே முட்டி போட்டிருக்கிறவனுக்கு எட்டில் ஒன்றுகூட எரியாது. இதே வார்த்தையில் நான் வரதன் சாரிடம் சொன்னேன். வரதன் சார்தான் ராத்திரி ஷிப்டுக்கு மேனேஜர்.

அப்பாவோடு சோடி சேர்ந்து வேலை பார்க்கிறவர் லாசர். அப்பாவைவிடப் பதினெட்டு வயது சின்னவர். ஜாக்கி அவர் பொறுப்பு. லாரிக்கு வைக்கிற ஜாக்கியேதான், அளவுதான் பெரிது. அப்பா சக்கரத்துக்கு இந்தப் பக்கம் உட்காருவார், லாசர் அந்தப் பக்கம். நடுவில் இடுப்புயரத்துக்கு ரப்பர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பேச்சுதான். 'ஏத்து' என்றால் லாசர் கைப்பிடியை அடிப்பார், விமானம் நாலு விரல் உயரத்துக்கு எழும்பும். 'இறக்கு' என்றால் திருகைத் திறப்பார், மெல்ல உட்காரும். ஒரு சக்கரத்தின் மேல் பதினைந்து டன்.

போன வருடம் ஒரு நாள், ஸ்பேனர் பிடித்திருந்த ஆளைப் பார்த்து அப்பா 'இறுக்கு' என்றார். நட்டை இறுக்கச் சொன்னது. பக்கத்தில் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் லாசர் காதில் அது 'இறக்கு' என்று விழுந்தது. பாதி மாட்டிய சக்கரத்தோடு விமானம் உட்கார்ந்துவிட்டது. ஸ்பேனர் தெறித்து அந்த ஆளின் தொடையை எலும்பு தெரியக் கிழித்தது. ரத்தம் கொட்டி அந்த இடமே வழுக்கியதாம். அப்பா வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சும்மா இருப்பேனா. "ஒரு உகரத்துல உயிரக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்களேப்பா"ன்னு கேட்டேன். 'இறக்கு'ங்கற வார்த்தையே இனிமேல் வாயில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக 'வை'. ஓரெழுத்து ஒருமொழி. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், பூ, தீ, கை, வை. ஒரே எழுத்து, அதில் குழம்ப இன்னொரு எழுத்தே கிடையாது. அகராதியை எடுத்தும் பார்த்தேன். வை என்றால் கூர்மை, வைக்கோல், திட்டு என்றெல்லாம் பொருள் போட்டிருந்தது. விமானத்துக்கு அடியில் எவன் வைக்கோல் கேட்கப் போகிறான்? ஆக, அந்த இடத்தில் 'வை' என்றால் கீழே வை என்பது தவிர வேறு அர்த்தமே கிடையாது என்று அப்பாவுக்கு நிரூபித்துக் காட்டினேன். அவர் அடுத்த நாளே டூல் பெட்டி மூடியில் சாக்பீஸால் எழுதிப் போட்டார்: ஏத்து, வை. லாசர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "வக்கீலம்மா குடுத்த வார்த்த, வெண்ணெ மாதிரி போவுது"ன்னு சொல்வார். ஒரு வருடம் அந்த ஒரு வார்த்தையில் எத்தனை சக்கரம் மாற்றியிருப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது அது.

ஜன்னலை மூட வேண்டாம் அக்கா, காற்று வரட்டும்.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை. வெளியூர்க் கல்லூரியில் பட்டிமன்றம். 'பெரிது பேச்சா, செயலா'. நான் பேச்சுக் கட்சி. முதல் பரிசு. ராத்திரி ரயில் ஏறியதும் அப்பாவுக்கு போன் போட்டேன். ராத்திரி ஷிப்ட் என்று தெரியும். டீ நேரமாக இருக்கும் என்று நினைத்தேன், அவரும் வேறு மாதிரி சொல்லவில்லை. "சொல்லு பாப்பா"ன்னார், அவ்வளவுதான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டிருப்பார் போல. நான் மேடையில் பேசியது அத்தனையும் முதலிலிருந்து அவருக்குப் பேசிக் காட்டினேன். எதிர்க்கட்சியை எங்கே மடக்கினேன், நடுவர் எங்கே சிரித்தார், எல்லாம். இருபத்திரண்டு நிமிஷம். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை அப்பா. 'ம்'... 'ம்'... என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். என் பேச்சை அப்படிக் கேட்கிற இன்னொரு ஆள் இந்த உலகத்தில் கிடையாது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு போனை வைத்தேன். நானாக வைக்க மாட்டேன், அப்பாவிடம் அந்த மரியாதை உண்டு. அவர் சொன்ன பிறகுதான் வைப்பேன்.

ஒரு மணிக்கு டில்லிபாபு மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி. அதே இடத்தில் பெட்டி இழுக்கிற டிராக்டர் ஓட்டுகிறார்.

"பாப்பா, உங்கப்பன் கை பூட்ச்சும்மா."

அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மேல் பெர்த்தில் ஒருத்தர் எழுந்து விளக்கைப் போட்டார், அது ஞாபகம் இருக்கிறது.

நடந்தது இதுதான். லாசர் சொன்னதிலிருந்தும் காயத்திலிருந்தும் நான் கோத்தது. சக்கரம் மாட்டியாயிற்று, நட்டும் இறுக்கியாயிற்று. கம்பத்தில் விளக்கு இல்லாததால் அப்பா ஆரம்பத்திலிருந்தே டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறார். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. எதற்கோ வாயைத் திறந்திருக்கிறார். டார்ச் நழுவி, உருண்டு, சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து லாசர் திருகைத் திறந்தார்.

பதினைந்து டன், அக்கா. விரல் நசுங்கியது என்று சொல்கிறோமே, நசுங்கவில்லை. அரைந்தது. மோதிரம் சதைக்குள் போய்விட்டது. டார்ச் உடையவில்லை. அது சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டே கிடந்ததாம். அப்பா கத்திய கத்தலுக்கு ஏழாம் பேயிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், எந்த விமானம் என்று தெரியாமல் இருட்டில் தட்டுத் தடுமாறி. கையை வெளியே எடுக்க வேண்டும் என்றால் விமானத்தை மறுபடி ஏற்றினால்தான் முடியும். ஜாக்கியை முப்பத்தாறு தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் எழும்பும். முப்பத்தாறு அடிக்கும் அப்பா கத்தினார். அடித்தது லாசர்தான். சட்டையைக் கிழித்துக் கட்டியதும் அவர்தான் என்று சொல்கிறார்கள். செய்தவன் கட்டித்தானே ஆக வேண்டும். அதில் என்ன பெருமை என்று அன்றைக்குக் கேட்டேன்.

ரயிலில் இருந்தபடியே மாமாவிடம் கேட்டேன்.

"ஜாக்கில யாரு மாமா?"

"லாசரு."

"தூங்கிட்டானா?"

"இல்லம்மா. உங்கப்பா 'வை'ன்னு சொன்னாரு, காதுல வுழுந்துச்சுன்றான்."

"பொய். அடியில கை இருக்கும்போது 'வை'ன்னு சொல்ல அப்பா என்ன பைத்தியமா? உங்க அக்கா வீட்டுக்காரர் கை மாமா அது. அவன சும்மா வுட்டுட்டு வீட்டுக்குப் போவப் போறீங்களா?"

அவ்வளவுதான் நான் பேசினது. அடி, உதை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். கேள்வி கேட்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?

டிரைவர்கள் படுக்கிற ரூமில் லாசர் குழாயடியில் நின்று பனியனை அலசிக்கொண்டிருந்தாராம். அப்பாவின் ரத்தம். மாமாவும் பெட்டி ஏற்றுகிற நாலு பேரும் போனார்கள். விமானச் சக்கரம் உருளாமல் முட்டுக் கொடுக்க ஒரு ரப்பர் கட்டை உண்டு, ஏழு கிலோ இருக்கும். அதைக் கயிற்றோடு பிடித்துச் சுழற்றி முகத்தில் அடித்தார் மாமா. முதல் அடியில் மூன்று பல். இரண்டாவது அடியில் தாடை இரண்டு இடத்தில் விட்டது. விழுந்த பிறகு பூட்ஸ் காலால் மிதித்தார்கள், விலாவில், இடுப்பில், கையில். கையில் என்று நான் சொல்லவில்லை, அவர்களாக மிதித்தது. "கையக்கூடத் தூக்கலம்மா அவன். 'அண்ணன் சொன்னாரு, அண்ணன் சொன்னாரு'ன்னு அதையே சொல்லிக்கினு கெடந்தான்"ன்னு மாமா சொன்னார். சொல்லும்போது மாமாவுக்கே குரல் ஒரு மாதிரி இருந்தது. நான்தான் தைரியம் சொன்னேன்.

மறுநாள் ஸ்டேஷனில் லாசர் மேல் எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். நன்றாக வந்திருந்தது. ரைட்டரே, "நீங்களே எழுதினதாம்மா?"ன்னு கேட்டார்.

அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார் லாசர். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கம்பி போட்டுக் கட்டியிருந்தது, தலையைச் சுற்றித் துண்டு. கட்டில் கால்மாட்டில் நின்றார். நான் அப்பாவுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார், திறந்தார் என்றா சொல்வது, பல்லுக்கு நடுவில் காற்றாக வந்தது.

"வக்கீலம்மா... 'வை'ன்னுதான்... காதுல வுழுந்துச்சு."

எவர்சில்வர் டம்ளர், கொதிக்கிற பாலோடு. நேராகத் தாடையில் போய் விழுந்தது. கம்பி உதட்டைக் கிழித்தது. வெள்ளைப் பாலில் சிவப்பு கலந்து சட்டையெல்லாம் வழிந்தது. நான் அதோடு விடவில்லை. எழுந்து போய் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்து, சுவரோடு சாத்தி இரண்டு அறை விட்டேன். நர்ஸ் வந்துதான் பிரித்தார். பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், அப்பா கட்டிலை விட்டு இறங்கியிருக்கிறார். டிரிப்ஸ் ஊசி பிய்ந்து இடது கையிலும் ரத்தம். கட்டுப் போட்ட அந்த மொட்டைக் கையை எனக்கும் லாசருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அவன அடிக்காத பாப்பா. அவன் மேல ஒண்ணும் இல்ல."

"இவ்ளோ பெரிய மனசு ஆகாதுப்பா. இந்த மனசுனாலதான் உங்கள இருட்டுல உக்கார வெக்கறாங்க"ன்னு சொன்னேன்.

லாசர் போகும்போது டம்ளரை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். நடிப்பு என்று நினைத்தேன்.

இப்போது என் கை. விசாரணை அறிக்கை எழுதுகிறார்கள் என்று தெரிந்து வரதன் சாரைப் பார்க்கப் போனேன். ஜன்னல் இல்லாத உள் ரூம். ஒரு மேஜை, ஒரு மனுஷன், தலைக்கு மேல் நாலு டியூப் லைட். வந்ததும் எண்ணினேன், பழக்கமாகிவிட்டது.

"உக்காரும்மா. தணிகாசலம் ரொம்ப நல்ல மனுஷன். அவரே ஒத்துக்கிட்டார்"னு ஒரு பேப்பரைக் காட்டினார்.

டைப் அடித்த வாக்குமூலம். என் கவனக்குறைவால், சக்கரத்துக்கு அடியில் கை இருக்கும்போது நானே 'வை' என்று சொல்லிவிட்டேன். சக ஊழியர் லாசர் மேல் தவறில்லை. விளக்குகள் குறித்து எனக்குப் புகார் எதுவும் இல்லை. கீழே கையெழுத்து போட இடம். கையெழுத்து இல்லை. போட வேண்டிய கைதான் இல்லையே.

"இது அவர் சொன்னதா, நீங்க சொல்ல வெச்சதா?"

"அவரா சொன்னதும்மா. விளக்கு விஷயம் மட்டும் நாங்க சேத்தோம், ஒரு வரி."

"சார், என் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இருட்டா இருந்துச்சு, அதனால டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு இருந்தாரு. சரியா?"

"சரி."

"வாயில டார்ச் வெச்சிருக்கறவர் எப்படி சார் 'வை'ன்னு சொல்வாரு? நீங்க ஒரு பேனாவக் கவ்விக்கிட்டு சொல்லிக் காட்டுங்க."

வரதன் சார் பேனாவைப் பார்த்தார். அப்படியே மடங்கிவிட்டார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கேள்வி நான் கேட்டதில்லை, அக்கா. பட்டிமன்ற மேடையாக இருந்தால் கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

பேனாவைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. வெளிச்சம் போதும்னுதான் ரிப்போர்ட்ல வரும். எட்டாம் பே விளக்கு அங்கயும் அடிக்கும். வேல செய்யற அளவுக்கு வெளிச்சம் இருந்துச்சு."

கதவு மூலையில் துடைப்பக் கட்டை இருந்தது, தரை துடைக்கிற நீளக் கட்டை. எடுத்தேன். முதல் டியூப் அவர் தலைக்கு மேலேயே வெடித்தது. கண்ணாடி தலைமுடியில், டீயில், அந்தப் பேப்பரில். இரண்டாவது. அவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். மூன்றாவது பாதி உடைந்து தொங்கியது, அதைக் கையால் பிடித்துப் பிய்த்தேன், கிழித்தது அப்போதுதான். நாலாவதை அடித்ததும் ரூம் கும்மிருட்டு. என் ரத்தம் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்து ரூம் வெளிச்சம் கதவிடுக்குல வருது பாருங்க சார். போதும். இப்ப அந்தப் பேப்பரப் படிங்க"ன்னேன்.

மேஜைக்கு அடியிலிருந்து செல்போன் டார்ச் ஒன்று எரிந்தது. போலீஸுக்குப் போகவில்லை அவர். போனால் நாலு டியூப்பைப் பற்றி எழுதும்போது எட்டு விளக்கைப் பற்றியும் எழுத வேண்டி வருமே. அதை நான் முன்னாலேயே கணக்குப் போட்டுத்தான் அடித்தேன். சரி, கொஞ்சம் பின்னால்தான் போட்டேன்.

நம்ம ஸ்டாப்புக்கு இன்னும் இரண்டு இருக்கிறது இல்லையா. சொல்லி முடித்துவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம். காலேஜிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறேன். அப்பா தரையில் உட்கார்ந்து என்னுடைய பழைய நோட்டு ஒன்றில் இடது கையால் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார். தணிகாசலம், தணிகாசலம் என்று பக்கம் பூராவும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி. பக்கத்தில் அந்த வாக்குமூலம், புதுப் பிரதி. பழகிவிட்டுக் கையெழுத்து போடப் போகிறார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமாம்.

பேப்பரை எடுத்து நாலாகக் கிழித்தேன். அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இன்னொண்ணு குடுப்பாங்க பாப்பா"ன்னார் அப்பா.

"அதையும் கிழிப்பேன். இதுல கையெழுத்து போட்டா அந்த எட்டு வெளக்கும் எரியவே எரியாது. நாளைக்கு அங்க இன்னொருத்தன் முட்டி போடுவான்."

"அந்த ஒரு வரிய வேணா அடிச்சுடறேன். வெளக்கு எரியல, அது நெசம். மிச்சத்துக்குப் போட்டுத்தான் ஆவணும். நீ எழுதிக் குடுத்த கேஸுல அவன உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க அவனுக்கு."

"போடட்டும். பொய் சொன்னவன் உள்ள போவட்டும்."

"அவன் பொய் சொல்லல."

"அப்ப நீங்க பொய் சொல்றீங்க. வாயில டார்ச் வெச்சுக்கிட்டு எப்படிப்பா 'வை'ன்னு சொன்னீங்க? சொல்லுங்க. வரதனே வாய மூடிட்டாரு."

அப்பா குனிந்து இன்னொரு தணிகாசலம் எழுத ஆரம்பித்தார். பதில் இல்லை என்றால் எனக்கு இன்னும் ஏறும், அது என் சுபாவம். செல்போனை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தேன்.

"இத நான் விசாரணையில காட்டப் போறேன். பாருங்க. பதினொண்ணு ஐம்பத்திரண்டு வரைக்கும் நீங்க என்கிட்ட பேசிட்டு இருந்திருக்கீங்க. அவங்க ரிப்போர்ட்டுல விபத்து பன்னெண்டேகால். இருபத்தி மூணு நிமிஷம் முன்னாடி வரைக்கும் டீ குடிச்சுக்கிட்டு நிதானமாப் பேசின மனுஷன், தன் கை அடியில இருக்கும்போது 'வை'ம்பாரா? நான் கேக்கறேன், எந்த முட்டாள் ஒத்துக்குவான்?"

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. நோட்டைத் தள்ளிவிட்டு அந்த செல்போனை இடது கையால் என்னிடமிருந்து வாங்கப் பார்த்தார். முடியவில்லை, நான் விடவில்லை.

"அத யார்கிட்டயும் காட்டாத."

"ஏன்? டூட்டில போன் பேசக் கூடாதுன்னு ரூலா? அதுக்குப் பயந்தா கைய விட்டுக்குடுப்பீங்க?"

"பாப்பா, வுட்டுடு."

"விட மாட்டேன். கடைசியா கேக்கறேன். 'வை'ன்னு நீங்க சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"லாசர்கிட்டயா?"

"இல்ல."

"அங்க வேற யாருமே இல்லையேப்பா. அப்ப யார்கிட்ட சொன்னீங்க?"

கேட்டுவிட்டேன், அக்கா. மடக்கிவிட்டோம், இனிமேல் அவருக்கு வழியே இல்லை என்றுகூட நினைத்தேன். விளக்கு எரியவில்லை. அது எரிந்திருந்தால் டார்ச் எதற்கு, லாசர் கண்ணுக்கு அந்தக் கை தெரிந்திருக்காதா. அதை இன்றைக்கும் சொல்வேன், எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நானே அந்தப் பக்கமாக இறங்கிக்கொள்கிறேன். அப்பா ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். ரயிலில் நான் பேசியபோதும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"ஆம்புலன்சு வண்டி வந்து சேந்ததுதான் பாப்பா பன்னெண்டேகால். நீ பேசும்போதெல்லாம் சக்கரத்துகிட்டதான் இருந்தேன், வாயில டார்ச்சு, அதான் 'ம்'முனு மட்டும் சொன்னேன். கடைசியா நீ 'வைக்கட்டாப்பா'ன்னு கேட்ட. உனக்குப் பதில் சொல்லணுமேன்னு வாயத் தொறந்தேன். 'வை'ன்னேன்."